நானுஓயாக் குளிரில் சாம்பல் கலந்த கொங்கிரீட் இறுகத் தாமதிக்கிறது: கல்சியம் குளோரைட்டு சேர்க்கலாமா?

கேள்வி:
வணக்கம். நானுஓயாவில் தம்பியின் குடும்பத்துக்கு மாடி வீடு கட்டுகிறோம். சீமெந்தில் 30 சதவீதத்தைக் குறைத்து, அதற்கு ஈடாக நுரைச்சோலை அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலைச் சேர்த்து, மாசிக் குளிரில் சிலாப் போட்டோம். கலவையை இளக்கும் லிக்னோசல்பனேட் திரவத்தை மேசன் பாஸ் அளவுக்கு மேல் ஊற்றிவிட்டார். மறுநாள் மாலையிலும் மேற்பரப்பு நகத்துக்குச் சுரண்டுப்பட்டது. 28 நாளில் சதுர மில்லிமீற்றருக்கு 25 நியூட்டன் வலிமை வர வேண்டிய கலவையின் கியூப் (உடைத்துச் சோதிக்க வார்த்த கட்டி), 7ஆம் நாளில் 9 மட்டுமே காட்டியது. அடுத்த சிலாப்புக்குக் கல்சியம் குளோரைட்டு சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா? இந்தச் சிலாப்பின் முட்டுகளை எப்போது எடுக்கலாம்?

பதில் 1:
தயவுசெய்து சேர்க்காதீர்கள். குளோரைட்டு வேகமாக இறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் சீமெந்தின் காரத்தன்மை கம்பியின் மேல் உண்டாக்கும் காப்புப் படலத்தை அதுவே உடைத்துத் துருவை வரவழைக்கும். மழையும் மூடுபனியும் ஓயாத ஊரில் அந்தத் துரு வேகமாகப் பரவும்.

சாம்பல் தானாக இறுகுவதில்லை. சீமெந்து நீருடன் சேரும்போது வெளிவரும் சுண்ணாம்புடன் அது மெல்ல வினைபுரிந்தே வலிமை தருகிறது. குளிர் அந்த வினையை மேலும் தாமதப்படுத்துகிறது. சராசரி வெப்பம் 13 பாகை என்று கொண்டால், 27 பாகை நீர்த் தொட்டியில் வைத்த கியூப்புக்கு 7 நாளில் கிடைக்கும் முதிர்ச்சிக்கு உங்கள் இடத்தில் ஏறத்தாழ 11 நாள் வேண்டும். சாம்பல் கலந்திருப்பதால் அதற்கும் மேலாகலாம். அளவு மீறிய லிக்னோசல்பனேட்டும் இறுகலைத் தள்ளிப்போடும்.

அடுத்த முறை சாம்பலை 15 முதல் 20 சதவீதத்துக்குக் குறையுங்கள். பொலிகார்பொக்சிலேட் வகை இளக்கியைக் கொண்டு தண்ணீரைக் குறைப்பதுதான் என் பார்வையில் முதல் மருந்து. தொடக்க வலிமையில் பெரும்பகுதி அங்கிருந்தே வரும். அதன் பிறகே குளோரைட்டு இல்லாத, கல்சியம் நைத்திரேற்று அடிப்படையிலான முடுக்கியை (இறுகலை விரைவுபடுத்தும் திரவத்தை)த் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவில் சேர்க்கலாம். இரண்டும் உங்கள் சீமெந்துடன் ஒத்துப்போகின்றனவா என்பதைச் சோதனைக் கலவையில் பார்க்காமல் சிலாப்பில் ஊற்ற வேண்டாம்.

பதில் 2:
ஹட்டனில் இதே சிக்கலைப் பார்த்திருக்கிறேன். காலையிலேயே கொங்கிரீட் போட்டு முடியுங்கள்; பொலித்தீனால் மூடி, இரவில் அதன்மேல் சாக்குகளை விரியுங்கள். சில கியூப்களைச் சிலாப்பின் பக்கத்திலேயே வைத்து உடைத்துப் பாருங்கள். முட்டு எடுக்கும் நாளை அவைதான் சொல்லும், நாட்காட்டி அல்ல.

கேட்டவர்:
மிக்க நன்றி. பக்கத்தில் வைத்திருந்த கியூப்களில் ஒன்றை 21ஆம் நாள் உடைத்தபோது 17 வந்தது. பொறியியலாளர் 28ஆம் நாளிலும் உடைத்துப் பார்த்த பின்னரே முடிவு சொல்வதாகக் கூறியிருப்பதால் முட்டுகள் அப்படியே நிற்கின்றன. குளோரைட்டு மூட்டையைக் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.