புதுப்பிப்பு: வேளச்சேரியை விட்டு மதுராந்தகம் பக்கம் குடிபோனோம்

வேளச்சேரியில 18,000 வாடகை கட்டுப்படியாகல, மதுராந்தகம் பக்கம் கிராமத்துல வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்கணும்னு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. குடிவந்து நாலு மாசம் ஆச்சு, வாடகை 6,000.

கைகொடுத்தது பருப்பு யோசனைதான். "ஒரு பிடி துவரம்பருப்பை அந்த வீட்டுத் தண்ணியில வேகவச்சுப் பாருங்க, கடினத் தண்ணியா இருந்தா பருப்பு சரியா வேகாது"ன்னு ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. சிரிச்சுக்கிட்டேதான் எடுத்துட்டுப் போனேன். முதல் வீட்டுல போர் தண்ணி. முக்கால் மணி நேரம் கொதிச்சும் பருப்பு முழுசு முழுசா மிதந்துச்சு, சோப்பும் நுரைக்கல. புது டைல்ஸ், பெரிய ஹால், மனசே இல்லாம விட்டுட்டு வந்தோம். ஏரிக்கரை ஓரம் ரெண்டாவது வீட்டுல கிணத்துத் தண்ணி. அரை மணியில பருப்பு மசிஞ்சுடுச்சு. அதுக்கே அட்வான்ஸ் கொடுத்தோம்.

வீட்டுக்குள்ள நின்னு போன் பேசிப் பாருங்கன்னு சொன்னதும் சரி. சமையலறையில சிக்னல் சுத்தமா இல்ல, திண்ணையில நல்லா கிடைக்குது.

எதிர்பார்க்காதது ரயில். கிண்டியில வேலை. மின்சார ரயில் பெரும்பாலும் தாம்பரம், செங்கல்பட்டோட நின்னுடும். மதுராந்தகம் தாண்டி மேல்மருவத்தூர் வரை போறது சிலதுதான். அதை விட்டா செங்கல்பட்டுல இறங்கி பஸ். வாரம் மூணு நாள்தான் ஆபீஸ்ங்கறதால சமாளிக்கிறேன். தினமும் போறவங்க முதல்ல ரயில் நேரத்தைப் பாருங்க, வீட்டை அப்புறம் பார்க்கலாம்.

இன்னொண்ணு, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல வோல்டேஜ் இறங்கி மோட்டார் வெறுமனே முனகும். டேங்கைக் காலையிலயே நிரப்பிடுறோம்.