மண்டபம் முகாம் வழியாக வந்த குடும்பங்களின் நினைவுப் பொருட்கள் தேவை

அனைவருக்கும் வணக்கம். இந்தியாவும் இலங்கையும் 1964-ஆம் ஆண்டில் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து புறப்பட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்து சேர்ந்த குடும்பங்களைப் பற்றி, ஓவியம், புகைப்படம், ஒலிப்பதிவு, தையல் ஆகியவற்றை இணைத்து ஒரு படைப்பை உருவாக்கி வருகிறேன். என் அம்மாச்சியும் அப்படி வந்தவர்தான். அவருடைய தகரப் பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயின்டால் எழுதிய பெயர் பாதி உரிந்துவிட்டது. உள்ளே, கொழுந்து பறிக்கையில் அவர் இடுப்பில் கட்டிய படங்கு என்னும் கனத்த துணி, தேயிலைக் கறையோடு அப்படியே இருக்கிறது.

உங்கள் வீட்டில் இத்தகைய பெட்டியோ, குடும்ப அட்டையோ, லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் எடுத்த புகைப்படமோ இருந்தால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். எதையும் எடுத்துச் செல்லாமல், உங்கள் வீட்டிலேயே படமெடுத்துக்கொள்வேன். கப்பல் பயணத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களின் குரலே எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம் என்பதால், அவர்களைச் சந்திக்கவும் உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.