கல்லில் டிக்கி: கழுத்து உடைகிறது, உளி மழுங்குகிறது, அவசர உதவி தேவை

மரச்செதுக்கன் (வியாழன், இரவு 9.40)
வணக்கம். ஆறு வருடமாக மரத்தில் செதுக்குகிறேன். இப்போதுதான் முதல் முறையாகக் கல்லில் கை வைத்திருக்கிறேன். பாலினேசிய டிக்கி உருவம் (பசிபிக் தீவு மக்கள் செதுக்கும் முன்னோர் சிலை), ஒரு சாண் உயரம். உளி இறங்கவே மாட்டேன் என்கிறது. பத்து அடிக்கு ஒரு முறை தீட்ட வேண்டியிருக்கிறது. இறங்கினால் வேண்டாத இடத்தில் பெரிய சில்லாகப் பெயர்கிறது. சிலையின் கைக்கும் வயிற்றுக்கும் நடுவே இடைவெளி எடுக்கப் போனேன், அந்தக் கை உடைந்துவிட்டது. இரண்டாவது கல்லில் கழுத்து போய்விட்டது. அடுத்த சனிக்கிழமைக்குள் முடித்து ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். எந்த உளி வாங்கினால் சரியாகும் என்று மட்டும் சொல்லுங்கள்.

காவிரிக்கரை (வியாழன், இரவு 9.58)
என்ன கல் என்று சொல்லவே இல்லையே? கருங்கல்லா, மாக்கல்லா, சுண்ணாம்புக் கல்லா? உளி எது? எந்த ஊரில் இருக்கிறீர்கள்? கடையில் வாங்கிய கல்லா, கிடந்ததை எடுத்ததா?

இரும்புப்பட்டறை (வியாழன், இரவு 10.15)
எந்தக் கல்லாக இருந்தாலும் பிரச்சினை உளியின் பதம்தான். மர உளியை 25 பாகையில் மெல்லியதாகத் தீட்டுவோம். அந்த விளிம்பு கல்லில் மடங்கும், அல்லது பொடியும். டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த கல் உளி ஒன்று வாங்குங்கள், 400 கிராம் சுத்தியல் ஒன்று. மரக் கொட்டாப்புளியை ஓரமாக வையுங்கள். வேலை முடிந்துவிடும்.

மாமல்லைக்கல் (வியாழன், இரவு 10.41)
தம்பி, ஆறு வருடம் மரம் செதுக்கினேன் என்று சொல்வதால் கல்லில் பாதி தூரம் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். எங்கள் பட்டறைக்கு வரும் பையன் முதல் ஆறு மாதம் ஒரு முகத்தைச் சமமாக்குவதைத் தவிர வேறு எதையும் தொடமாட்டான். நீங்கள் நேராகக் கழுத்துக்குப் போயிருக்கிறீர்கள்.

முதலில் கல்லைத் தட்டிக் கேட்டீர்களா? சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் மணி மாதிரி ஒலி வர வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கிறது. அந்தக் கல்லில் எந்த உளி வைத்தாலும் உடையும். கல் தேர்வு பாதி வேலை. இரண்டு கல் உடைந்தது என்கிறீர்களே, இரண்டுமே ஊமைக் கல்லாக இருந்திருக்கும்.

வெள்ளைக்கல் (வெள்ளி, காலை 6.20)
தம்பி, ஒரு படம் போடுங்கோ. அதுவரைக்கும் மூன்று கேள்வி. கல்லில் ஓட்டைகள் இருக்கிறதா? ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கிறதா? (நுரைத்தால் அநேகமாகச் சுண்ணாம்புக் கல்.) எந்தச் சிலையைப் பார்த்துச் செய்கிறீர்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். நான் நியூசிலாந்தில் நெல்சன் பக்கம் இருக்கிறேன், ஒன்பது வருடமாக ஓமாரு வெள்ளைக்கல்லில் வேலை செய்கிறேன். அது சுண்ணாம்புக் கல், மரம் அறுக்கிற வாளாலேயே அறுபடும். உங்களிடம் இருப்பது அது இல்லை என்று மட்டும் தெரிகிறது.

இன்னொன்று, முகமூடி போட்டிருக்கிறீர்களா?

மரச்செதுக்கன் (வெள்ளி, காலை 7.05)
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஆக்லாந்தில் இருக்கிறேன். கல் எங்கள் தோட்டத்துப் பழைய சுவரிலிருந்து விழுந்தது. கருப்பு, சின்னச் சின்ன ஓட்டைகள், நல்ல கனம். வினிகருக்கு ஒன்றும் ஆகவில்லை. உளி மர உளிதான். அது முடியாமல் போனதால் கிரைண்டர் போட்டேன். மாதிரிக்கு இணையத்தில் கிடைத்த ஒரு மர டிக்கியின் படம். முகமூடி இல்லை, ஆனால் கேரேஜ் கதவு திறந்திருந்தது. வேலைக்குக் கிளம்புகிறேன், மாலையில் பார்க்கிறேன்.

காவிரிக்கரை (வெள்ளி, காலை 7.30)
ஆக்லாந்து, கருப்பு, ஓட்டை. அப்படியானால் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட். அந்த ஊரே எரிமலைகளின் மேல்தான் இருக்கிறது. ஓட்டை என்பது குழம்பில் மாட்டிய வாயுக் குமிழி. கழுத்து மெல்லியதாகும்போது நடுவில் இரண்டு குமிழி வந்தால் போதும், உடையத்தான் செய்யும்.

பச்சைமணி (வெள்ளி, காலை 9.12)
கல்லே தப்பு. பாலினேசியக் கல் வேலை என்றால் பச்சைக் கல்தான். நியூசிலாந்திலேயே இருந்துகொண்டு சுவர்க் கல்லை ஏன் எடுக்கிறீர்கள்? பௌனமு என்ற அந்தப் பச்சைக் கல்லில் ஒரு துண்டு வாங்கி, டயமண்ட் பிட் போட்டு, தண்ணீர் சொட்டவிட்டு அரைத்தால் உடையவே உடையாது. கழுத்தில் தொங்கவிடும் டிக்கி எல்லாம் அதில்தானே செய்கிறார்கள்.

வெள்ளைக்கல் (வெள்ளி, மதியம் 12.50)
சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக வரும்.

முதலில் தூசி. கிரைண்டரைக் காய்ந்த கல்லில் போடாதீர்கள், கதவு திறந்திருந்தாலும். மரத்தூளைப் போல இல்லை, நுண்ணிய கல்தூசி நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. வடிகட்டி வைத்த, முகத்தோடு ஒட்டி நிற்கிற முகமூடி வாங்குங்கோ. தண்ணீர் ஊற்றி அரைப்பதென்றால் அதற்கென்றே செய்த கருவி வேண்டும். சாதாரண மின் கிரைண்டரில் தண்ணீர் ஊற்றினால் உயிர் போகும்.

இனி டிக்கி. தம்பி மரச் சிற்பத்தின் படத்தை வைத்துக் கல்லில் செய்கிறார். அங்கேதான் சிக்கல். மரத்துக்கு நார் இருக்கிறது. நாரின் போக்கில் கை நீளமாக இருந்தால் விரல் பருமனிலும் நிற்கும். கல்லில் நார் இல்லை. மார்க்கெசஸ் தீவுகளின் கல் டிக்கிகளைத் தேடிப் பாருங்கோ, ஹிவா ஓஆ தீவின் புஆமௌவில் இருப்பவை. தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். கழுத்து என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை. கைகள் வயிற்றோடு ஒட்டி, பள்ளம் மட்டும் போட்டுக் காட்டியிருப்பார்கள். கால் குட்டை, தடிப்பு. ராப்பா நூயி (ஈஸ்டர் தீவு) சிலைகளும் அப்படித்தான். கை இரண்டும் உடம்போடு ஒட்டி, விரல்கள் அடிவயிற்றில் வந்து சேரும். எங்கேயும் கல்லைத் துளைத்து வெளிச்சம் வரவிடவில்லை. அந்த மனிதர்களுக்குத் தெரியாமல் இல்லை, மரத்தில் அதே ஆட்கள் எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள்! கல் எதைத் தாங்கும் என்று தெரிந்து அந்த வடிவத்துக்கு வந்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மூன்றாவது, கருவி. அவர்களிடம் இரும்பு இல்லை. கல்லால்தான் கல்லைச் செய்தார்கள். ராப்பா நூயியின் ரானோ ராராக்கு குவாரியில் இருப்பது இறுகிய எரிமலைச் சாம்பல், ஒப்பிட்டால் மெதுவான கல். அதைத் தோக்கி என்ற கடினமான பசால்ட் கருவியால் குத்தினார்கள். 1955-56-இல் நார்வே ஆய்வாளர் தோர் ஹெயர்டால் அங்கே போனபோது, தீவுக்காரர் ஆறு பேர் அந்தப் பழைய தோக்கிகளை எடுத்து, பாறையில் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் குத்திக் காட்டினார்கள். மூன்று நாளில் சிலையின் வெளிக்கோடு வந்தது. முழுச் சிலைக்கு ஒரு வருடம் போல ஆகும் என்று கணக்குப் போட்டார்கள்.

உங்கள் கல் அந்தச் சாம்பல் கல் இல்லை, அதைவிடக் கடினம். அதில் சில்லு எடுக்கப் பார்க்காதீர்கள், பொடி எடுங்கோ. அம்மி கொத்துவதைப் பார்த்திருப்பீர்கள்தானே? அதே வேலை. கைக்கு அடங்கிய, இதைவிடக் கடினமான உருண்டைக் கல்லை எடுத்து, ஒரே இடத்தில் நேராகக் குத்திக்கொண்டே இருக்க வேணும். மேல்தோல் வெள்ளையாகி மாவாக உதிரும். ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கோ. கண்ணாடி போடுங்கோ.

இரும்புப்பட்டறை (வெள்ளி, மதியம் 1.20)
கல்லால் குத்தினால் சனிக்கிழமை என்ன, தீபாவளிக்கும் முடியாது. நல்ல கார்பைடு உளி இருக்கும்போது எதற்குக் கற்காலம்?

மாமல்லைக்கல் (வெள்ளி, மாலை 6.02)
வெள்ளைக்கல் அம்மா சொன்னதில் அம்மி கொத்தும் உதாரணம் சரி. எங்கள் கருங்கல் வேலையிலும் கடைசிக் கட்டம் அதுதான், உளியைக் கிட்டத்தட்ட நேராக நிறுத்திப் பொளிவோம். மரத்துக்காரர் செய்யும் பிழை, உளியைச் சாய்த்துப் பிடித்து முன்னால் தள்ளுவது. மரத்தில் அப்படித்தான் சீவ முடியும். கல்லில் சாய்த்துத் தள்ளினால் விளிம்பில் பெரிய சில்லு போகும். விளிம்புக்கு அருகே எப்போதும் வெளியிலிருந்து உள்பக்கமாக அடிக்க வேண்டும், உள்ளிருந்து வெளியே அல்ல. இதை முதல் நாளே சொல்லிக்கொடுப்போம்.

ஆனால் இரும்பு உளி கிடைக்கும் காலத்தில் கல்லால் குத்துவது தேவையில்லாத பிடிவாதம். ஒலி கேட்டீர்களா என்ற என் கேள்விக்கும் பதில் இல்லை.

வெள்ளைக்கல் (வெள்ளி, இரவு 7.15)
குமிழி நிறைந்த பசால்ட் நல்ல கல்லாக இருந்தாலும் மணி மாதிரி ஒலிக்காது, ஐயா. கருங்கல்லுக்கு உள்ள சோதனை அது. இரும்பு உளி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் செய்வது பாலினேசிய உருவம், அதனால் அந்த முறையைச் சொன்னேன். குத்தி எடுத்த மேற்பரப்பு வேறு மாதிரி இருக்கும், கையில் தடவினால் தெரியும்.

பச்சைமணி சொன்னதற்கும் ஒரு பதில். பௌனமு, அதாவது நெஃப்ரைட், நியூசிலாந்தின் தென் தீவில்தான் கிடைக்கிறது. தாஹிட்டியிலும் ஹவாயிலும் இருப்பது எரிமலைப் பாறையும் பவளச் சுண்ணாம்பும். பாலினேசியக் கல் என்றாலே பச்சை என்பது பிழை. அதோடு நெஃப்ரைட்டை உளியால் தொடவே முடியாது. உள்ளே இழைகள் பின்னிக் கிடப்பதால் அடித்தால் உடையாது, அரைக்க மட்டும்தான் முடியும். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் ஹோஅங்கா என்ற மணற்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்துத்தான் உருவாக்கினார்கள். முதல் தடவைக்கு ஏற்ற கல் இல்லை.

பச்சைமணி (வெள்ளி, இரவு 8.00)
தென் தீவின் மேற்குக் கடற்கரையில் யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம் என்று படித்தேன். விலைகூட இல்லை.

வெள்ளைக்கல் (வெள்ளி, இரவு 8.25)
கடற்கரையில் கையில் தூக்க முடிகிற அளவு எடுக்க அனுமதி இருக்கிறது. ஆற்றில் கூடாது. 1997-இல் வந்த சட்டப்படி பௌனமு, ஙாய் தாஹு (Ngāi Tahu) என்ற மாவோரிக் குலத்து மக்களுடைய சொத்து. போவதற்கு முன் அவர்களுடைய விதியைப் படியுங்கோ. அவர்களுக்கு அது வெறும் கல் இல்லை, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் பொருள்.

கடல்வழி (வெள்ளி, இரவு 9.10)
இதைச் சொல்லியே ஆக வேண்டும். கல் சிற்பத்தை அந்தத் தீவுகளுக்குக் கொண்டுபோனதே நாம்தான். நியூசிலாந்தில் தமிழ் எழுத்துப் பொறித்த மணி கிடைத்திருக்கிறது. அம்மி கொத்துவதும் அவர்கள் கொத்துவதும் ஒன்று என்று இங்கேயே சொல்லிவிட்டார்கள். வேறு என்ன சான்று வேண்டும்?

காவிரிக்கரை (வெள்ளி, இரவு 9.45)
மணி உண்மை, முடிவு தவறு. 1836 வாக்கில் கொலென்சோ என்ற மிஷனரி பார்த்தபோது மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது வெலிங்டனில் டே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் உள்ள எழுத்து "முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி". ஒரு மரைக்காயர் கப்பலின் மணி எப்படியோ அங்கே போயிருக்கிறது, அவ்வளவுதான். பாலினேசியரின் முன்னோர் டோங்கா, சமோவா பக்கம் வந்து ஏறத்தாழ 2,800 வருடம் ஆகிறது. கல்லைக் கல்லால் குத்துவது உலகம் முழுக்க மனிதர்கள் தாங்களாகவே கண்டுபிடித்தது. அவர்களுடைய உழைப்பை அவர்களிடமே விடுங்கள்.

கடல்வழி (வெள்ளி, இரவு 10.02)
முன்னோர் வேறு, தொழில் வேறு. தொழிலை நாம் கற்றுக்கொடுத்திருக்கலாமே.

காவிரிக்கரை (வெள்ளி, இரவு 10.09)
இருக்கலாம் என்பதற்கு ஒரு கருவியாவது காட்டுங்கள். நம் ஊர் இரும்பு உளி ஒன்று அங்கே பழைய மண்ணில் கிடைத்ததா?

மாமல்லைக்கல் (வெள்ளி, இரவு 10.30)
மணிக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள். கேட்டவர் ஆளையே காணோம். யாருக்குக் கொடுக்கப் போகிறார் என்றும் சொல்லவில்லை.

மரச்செதுக்கன் (சனி, காலை 8.15)
எல்லோருக்கும் நன்றி. பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத்தான். குக் தீவுக்காரர். நாற்பது வருடம் இங்கே வேலை செய்துவிட்டு அடுத்த வாரம் நிரந்தரமாக ஊருக்குப் போகிறார். தட்டிப் பார்த்தேன், பொத்தென்றுதான் கேட்கிறது. முகமூடி வாங்கிவிட்டேன்.

வெள்ளைக்கல் (சனி, காலை 9.00)
அப்படியென்றால் டிக்கியை விடுங்கோ தம்பி. அந்த உருவம் அவர்களுக்கு முன்னோர், தெய்வம். ஒரு வாரத்தில் அவசரமாகச் செய்து, அந்த மண்ணின் மனிதருக்கே கொடுக்கிற பொருள் இல்லை. கிழங்கு மசிக்கிற கல் செய்யுங்கோ. தாஹிட்டிப் பக்கம் பெனு என்பார்கள், மௌபிட்டித் தீவின் கருப்புக் கல் பெனு பேர் போனது. ஹவாயில் சேம்பு இடிக்கவும் இப்படி ஒரு கல் உண்டு. அடி அகலம், மேலே கைப்பிடி, நடுவில் லேசாக ஒடுங்கும். கழுத்து உடையப் பயமில்லை. குத்தும் வேலைக்கு இதைவிட நல்ல பாடமும் இல்லை. ஓட்டை குறைந்த கல்லாகப் பாருங்கோ. அடி தட்டையாக வர, மணற்கல்லில் தண்ணீரும் மணலும் போட்டு வட்டமாகத் தேயுங்கோ.

மாமல்லைக்கல் (சனி, காலை 9.40)
இது நல்ல யோசனை. கைப்பிடியைக் கடைசியில் ஒடுக்குங்கள். அடிப்பாகம் முழுவதும் முடியட்டும், அதுவரை மேலே கனம் இருக்கட்டும். கல்லை மேசையில் வைத்துக் குத்தாதீர்கள், மணல் மூட்டையின் மேல் வையுங்கள். அடி கீழே கடினமான இடத்தில் மோதித் திரும்பினால் நடுவில் பிளக்கும்.

இரும்புப்பட்டறை (சனி, காலை 10.05)
பருமனை மட்டுமாவது கார்பைடு உளியில் எடுத்துக்கொள்ளுங்கள். நாள் மிச்சமாகும்.

*(பதினோரு நாள் கழித்து)*

மரச்செதுக்கன் (புதன், இரவு 11.20)
பெனு முடியவில்லை. பருமனைக் கார்பைடு உளியில் எடுத்தேன், அதன் பிறகு முழுவதும் கல்லால் குத்தினேன், மணல் மூட்டை மேல் வைத்து. தினம் இரண்டு மணி நேரம். அடிப்பாகம் வந்துவிட்டது, கைப்பிடி பாதிதான். அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டி வீட்டில் இப்படி ஒன்று இருந்தது என்றார். மீதியை ஊரில் போய்த் தானே குத்திக்கொள்கிறேன் என்று என் குத்துகல்லையும் கேட்டு வாங்கிக்கொண்டார். நன்றி அக்கா, நன்றி ஐயா.

காவிரிக்கரை (வியாழன், காலை 6.45)
மிக்க மகிழ்ச்சி. குத்துவதற்கு எந்தக் கல்லை எடுத்தீர்கள், எங்கே கிடைத்தது? எனக்கும் ஒன்று முயற்சி செய்ய ஆசை.

காவிரிக்கரை (ஒரு மாதம் கழித்து)
மரச்செதுக்கன், இருக்கிறீர்களா?