சார்லட்டுக்குப் புதிதா? முதலில் இந்த 51ஆம் நம்பர்காரரைத் தெரிந்துகொள்ளுங்கள்

"திங்கட்கிழமை ஆபீஸில் எல்லாரும் புட்பால்தான் பேசுகிறார்கள், ஒன்றும் புரியவில்லை, ரூல்ஸ் எல்லாம் படிக்கணுமா அண்ணா?" என்று அமெரிக்காவில் இந்த சார்லட் ஊருக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வேண்டாம் தம்பி. இங்கே புட்பால் என்றால் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம். இந்த ஊர் அணியில் 51ஆம் நம்பர் சட்டை போட்டு ஆடிய சாம் மில்ஸ் யார் என்று தெரிந்தால் போதும், மீதி போகப்போக வந்துவிடும்.

நான் வந்த புதிதில் பக்கத்து சீட்டுக்காரர் மீட்டிங் முடிந்தால் "கீப் பவுண்டிங்" என்பார். எதையோ இடிக்கச் சொல்கிறார் போல என்று தலையாட்டி வைப்பேன். ஒருநாள் கேட்டே விட்டேன். போட்டிருந்த, நம்ம ஊர் அணியான பேந்தர்ஸின் ஜெர்சியின் காலரைத் திருப்பிக் காட்டினார், உள்பக்கம் அதே இரண்டு வார்த்தை.

மில்ஸ் லைன்பேக்கர். தடுக்கிற அணியில் முன்வரிசைத் தடியர்களுக்குப் பின்னால் நின்று, பந்து எந்தப் பக்கம் போகும் என்று மோப்பம் பிடித்து ஓடி ஆளைச் சாய்க்கிற வேலை. உயரம் 5 அடி 9 அங்குலம், அந்த வேலைக்குக் குள்ளம். 1981இல் கிளீவ்லாந்து அணி கழற்றிவிட்டது, அப்புறம் கனடாவில் டொராண்டோவும். நியூ ஜெர்சியில் ஒரு பள்ளியில் போட்டோகிராபியும் மரவேலையும் சொல்லிக்கொடுத்தார். 1983இல் யூஎஸ்எஃப்எல் என்ற புது லீக்கில் பிலடெல்பியா ஸ்டார்ஸ் எடுத்தது. அங்கே கோச்சாக இருந்த ஜிம் மோரா 1986இல் நியூ ஆர்லியன்ஸ் அணிக்குப் போனபோது இவரையும் கையோடு கூட்டிப்போனார்.

1995இல் பேந்தர்ஸ் தொடங்கியபோது இங்கே வந்தார், வயது 36. அணியின் முதல் வெற்றியே நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு எதிராக, அவர்கள் எறிந்த பந்தை இவர் நடுவில் பறித்து 36 யார்டு ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்ட ஆட்டம்தான்.

1997 சீசனோடு ஆட்டத்தை விட்டுவிட்டு இங்கேயே கோச் ஆனார். 2003 ஆகஸ்டில் குடலில் புற்றுநோய் என்றார்கள். கீமோவுக்கு நடுவிலும் வேலைக்கு வந்தார். 2004 ஜனவரியில் டல்லாஸுடன் பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியே போகிற ஆட்டம், அதற்கு முன் வீரர்களிடம் பேசும்போது, எனக்கு இருந்தது இரண்டே வழி, விட்டுவிடுவது இல்லையென்றால் அடித்துக்கொண்டே இருப்பது என்கிற மாதிரி சொன்னார். அங்கே பிறந்ததுதான் அந்த "கீப் பவுண்டிங்". அணி அந்த சீசனில் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை போய் 3 புள்ளியில் நியூ இங்கிலாந்திடம் தோற்றது. மில்ஸ் 2005 ஏப்ரலில் இறந்தார், 45 வயதுதான். ஆட்டத்தின் பெரிய வீரர்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது 2022இல், ரொம்பவே தாமதம்.

ஆட்டம் பார்க்கப் போனால் காரை எடுக்காதீர்கள், லைட் ரயிலில் அப்டவுன், அதாவது ஊரின் நடுப்பகுதிக்கு, போய்விடலாம். பை கொண்டுபோவதென்றால் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பைதான். ஸ்டேடியத்துக்கு வெளியே மில்ஸ் சிலை நிற்கும். ஆட்டம் தொடங்கும் முன் பெரிய டிரம் ஒன்றை அடிப்பார்கள், அதற்குள் சீட்டில் உட்கார்ந்துவிடுங்கள்.