பழைய வாகனத்தை நொறுக்க அரசு காசு கொடுக்கலாமா?

வவுனியாப் பெடியன்:
இலங்கையின் ஏ9 வீதியில் பழைய டீசல் வானுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் போனவர்களுக்கு அந்தக் கறுப்புப் புகை தெரியும். பழையதை ஒப்படைத்துப் புதியது வாங்குபவருக்கு அரசு காசு கொடுக்கட்டும் என்கிறேன். அமெரிக்கா 2009இல் ஒரு வாகனத்துக்கு 3,500 அல்லது 4,500 டொலர் கொடுத்தது. ஒப்படைத்தவை லீற்றருக்குச் சராசரியாக 6.7 கிலோமீற்றர்தான் ஓடின; வாங்கியவை 10.6.

மாங்குளத்தான்:
தம்பி, அந்தக் காசு யாருக்குப் போனது? புதுக் கார் வாங்க வசதி இருந்தவருக்கு. ஒப்படைத்தவை நின்றுபோன வாகனங்களும் அல்ல, ஓடும் நிலையில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அப்படி 6 இலட்சத்து 77 ஆயிரம் வாகனங்கள். எஞ்சின் ஒயிலை வடித்துவிட்டு, சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி, எஞ்சின் இறுகி நிற்கும்வரை ஓட விட்டார்கள். அதை வாங்கி ஓட்டியிருக்கக்கூடிய ஏழைக்கு என்ன மிஞ்சியது?

கிளிநொச்சிக் கராஜ்:
எனக்கு அந்த எஞ்சின் கதைதான் வயிற்றெரிச்சல். எங்கள் பக்கத்தில் நெல் ஏற்றும் டொயோட்டா ஹைஏஸ் வான் கியர் விழாமல் நின்றால், அடிபட்ட இன்னொரு ஹைஏஸின் கியர்பொக்ஸைத்தான் தேடுவோம். கழுவி, பெயரிங் மாற்றிப் பூட்டினால் அறுவடைக்கு ஓடும். புதுச் சாமானின் விலையைக் கேட்டால் விவசாயி வானையே விற்றுவிடுவார். பழையதை மொத்தமாக நொறுக்கினால், மிஞ்சி ஓடுகிற பழைய வாகனங்களுக்கும் சாமான் இல்லாமல் போகும். போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் கிடைக்காமல், பழைய ஒஸ்டின் ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி நோயாளியை ஏற்றிப் போனது அந்தப் பழைய எஞ்சின்தான்.

வவுனியாப் பெடியன்:
அண்ணை, அந்தக் காலத்தை மதிக்கிறேன். ஆனால் அதைச் சொல்லி இன்றைய தேய்ந்த பிரேக்கை மன்னிக்க முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வான்களிலும் பழையவை இருக்கின்றன.

முல்லைக்கரை:
பழைய வாகனம் அருகிப்போனால் என்ன நடக்கும் என்பதை நாங்களே பார்த்துவிட்டோமே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் கார்கள் திரும்ப வரத் தொடங்கின. இடையில் ஓட்டை வானுக்கும் கேட்ட விலை ஞாபகம் இருக்கிறதா? அந்த விலையைக் கொடுத்தவர்கள் லீசிங் கட்டித் தேய்ந்த எங்கள் சனம்.

வவுனியாப் பெடியன்:
அப்போது புதியது வரவில்லை. நான் சொல்லும் திட்டத்தில் புதியதும் வரும்.

மாங்குளத்தான்:
வரும், முதலாளி வீட்டு வாசலுக்கு! ஜெர்மனியும் 2009இல் 2,500 யூரோ கொடுத்துப் பார்த்தது. புதுக் கார் விற்பனை அந்த வருடம் எகிறியது, 2010இல் படுத்தது. எப்படியும் வாங்க இருந்தவர்களில் பலர் ஒரு வருடம் முந்தி வாங்கினார்கள், அவ்வளவுதான். ஒரு புதுக் காரைச் செய்யச் செலவாகிற இரும்பையும் மின்சாரத்தையும் உங்கள் புகைக் கணக்கில் சேர்த்தீர்களா?

வவுனியாப் பெடியன்:
சேர்க்கலாம், அதற்கு மறுப்பில்லை. ஆனால் புகைப் பரிசோதனையிலும் பிரேக்கிலும் தேறாத வாகனம் வீதிக்கு வரக்கூடாது. அதில் நான் இறங்கி வர மாட்டேன்.

கிளிநொச்சிக் கராஜ்:
அதற்கு நானும் சம்மதம். அப்படியென்றால் அந்தக் காசைத் திருத்த வேலைக்குத் தரச் சொல்லுங்கள். டீசல் வானின் கறுப்புப் புகை பெரும்பாலும் டீசலைப் பீச்சுகிற தேய்ந்த நொசில், பிழைத்த பம்ப், அடைத்த எயார் பில்ட்டர். மூன்றையும் இங்கேயே சரிசெய்யலாம், பிரேக்கும் அப்படித்தான்.

வவுனியாப் பெடியன்:
செய்யுங்கள். ஆனால் நொசில் மாற்றினால் எயார்பாக் வராது, அண்ணை.