மறு: கலைச்சொல் – ‘ஓசோன் தெரபி’யைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம்.

ஓசோன் வாயுவை ஆக்சிஜனோடு கலந்து, சிகிச்சைக்காக உடலில் செலுத்துவதைத்தான் ‘ஓசோன் தெரபி’ என்கிறார்கள். அதற்கு முன்வைக்கப்பட்ட சொற்களில் ‘ஓசோன் மருத்துவம்’ எனக்குச் சரியாகப் படவில்லை. சித்த மருத்துவம், கண் மருத்துவம் என்பதைப் போல அதுவும் ஒரு துறை என்றுதான் காதில் விழும். ‘ஓசோனேற்றம்’ நல்ல சொல். குளுக்கோஸ் ஏற்றுகிறோம், ரத்தம் ஏற்றுகிறோம், அந்த வரிசையில் வாய்க்கு வந்துவிடுகிறது. ஆனால் குடிநீரில் கிருமி நீக்க ஓசோன் கலப்பதையும் அப்படித்தானே சொல்வோம்?

இன்னொரு சிக்கல். பெயரில் ஓசோன் இருந்தாலும், உடலுக்குள் போவது பெரும்பாலும் ஆக்சிஜன்தான். ஓசோன் 5 விழுக்காட்டுக்கு மேல் இருக்காது. அதுவும் ரத்தத்தில் கலந்த உடனே அங்குள்ள கொழுப்புகளோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். மிஞ்சுவது ஹைட்ரஜன் பெராக்சைடும் கொழுப்பின் விளைபொருள்களும். அந்தச் சிறு உறுத்தலே உடலின் தற்காப்பைத் தட்டியெழுப்புகிறது என்பது இத்தாலிய ஆய்வாளர் வேலியோ போச்சி முன்வைத்த விளக்கம்.

என் கருத்து: ஒரே குடைச்சொல் வேண்டாம். முதுகெலும்பு வட்டு (டிஸ்க்) பிதுக்கத்துக்கு ஊசி மூலம் செலுத்துவதில் ஓரளவு நம்பிக்கை தரும் ஆய்வுகள் உண்டு. பல் சொத்தை விஷயத்திலோ, நம்பத்தக்க சான்று இல்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2004இல் சொன்னது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விதியோ ஓசோனை நச்சு வாயு என்றே குறிக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தால், வட்டு ஊசிக்குக் கிடைத்த நல்ல பெயர் மற்றதற்கும் ஒட்டிக்கொள்ளும். எனவே ‘வட்டு ஓசோன் ஊசி’, ‘பல் ஓசோன் பூச்சு’ எனத் தனித்தனியாக வைக்கலாம். நோயாளியின் ரத்தத்தை எடுத்து, வாயுவைக் கலந்து, திரும்ப ஏற்றுவதற்கு ‘தற்குருதி ஓசோனேற்றம்’.

-----

ஐயா, பிரித்துப் பெயர் வைப்பதை ஏற்கிறேன். ஆனால் ‘பூச்சு’ வேண்டாம். பல்லில் படுவது வாயு, களிம்பு இல்லை. ‘பல் ஓசோன் வீச்சு’ பொருந்துமா?

அப்புறம், ‘தற்குருதி’ புணர்ச்சிப்படி சரிதான். ஆனால் ஒப்புதல் படிவத்தில் ‘தற்’ என்று பார்த்ததும் நோயாளிக்கு முதலில் தற்கொலைதான் நினைவுக்கு வரும்! இலக்கணம் கொஞ்சம் முணுமுணுத்தாலும் ‘தன்குருதி’ என்றே வைப்போம்.

-----

‘வீச்சு’ என்றால் பலருக்கு வாடை ஞாபகம் வரும். ஆனால் மணத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதானே ஓசோனுக்கே பெயர் வந்தது, இருக்கட்டும். ‘தன்குருதி’க்கு என் வாக்கும் உண்டு.