மாலையில் தண்ணீர் ஊற்றலாமா? புல்தரைப் பூஞ்சை விவாதம்

வேரடிமண்: புல்தரையில் விழும் பழுப்பு வட்டங்கள் வெறும் வெயில் கருகல், தினமும் மாலையில் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். கார்த்திகை அடைமழையில் சென்னையில் எந்த வெயில் வந்து கருக்கியது? வட்டத்தின் ஓரத்தில் ஒரு புல்லைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். தண்டைச் சுற்றிய இலையின் அடியுறை அழுகிக் கையோடு வந்தால் அது பூஞ்சை. நெல்லுக்கு இலையுறைக் கருகலைத் தருகிற அதே ரைசோக்டோனியா சொலானி. மாலையில் நனைத்த இலை விடியும்வரை காயாது. அதற்கு வேறென்ன வேண்டும்?

பச்சைக்கம்பளம்: அந்த மேதாவி நான்தான். வேலைக்குப் போகிறவன் மாலையில்தான் குழாயைத் திறக்க முடியும். இரவில் மழை பெய்கிறதே, அதையும் காலையில் பெய்யச் சொல்வீர்களா?

வேரடிமண்: மழையை நிறுத்த முடியாது, குழாயை நிறுத்தலாம். மழைக்காலத்தில் தண்ணீரே ஊற்றுவானேன்? மற்ற நாட்களில் விடியற்காலையில் ஊற்றுங்கள். பனியில் ஏற்கெனவே நனைந்த இலை, வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். மாலையில் வேண்டாம்.

மொட்டைமாடி: ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை மட்கிய தொழுவுரத்தில் கலந்து தூவினால் போதும். காலை மாலைச் சண்டையே தேவையில்லை.

பச்சைக்கம்பளம்: பூஞ்சைக்குப் பூஞ்சையே மருந்தா? போன முறை உங்கள் யோசனையைக் கேட்டு என் ரோஜா போனது போதும்.

மொட்டைமாடி: ரோஜாவுக்கு நான் சொன்ன அளவையா ஊற்றினீர்கள்? ட்ரைக்கோடெர்மா நோய்ப் பூஞ்சையைச் சுற்றிப் படர்ந்து அழிக்கும். கூடவே கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை அடித்தால் ட்ரைக்கோடெர்மாவும் சாகும். அதையும் செய்துவிட்டு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

வேரடிமண்: ரோஜா கிடக்கட்டும். யூரியாவை அள்ளி வீசியதாகப் பெருமையடித்தவரும் இவர்தானே? தழைச்சத்து மிகுந்தால் தளிர் இளகும், பெரிய வட்டங்கள் பரவும். நாணய அளவில் சிறு புள்ளிகள் என்றால் கதை வேறு. அது பெரும்பாலும் தழைச்சத்து குறைந்த தரையில் வரும். எதுவானாலும் மாலைத் தண்ணீர் கேடுதான்.

பச்சைக்கம்பளம்: மறுபடியும் மாலை! என் பக்கத்து வீட்டிலும் மாலையில்தான் ஊற்றுகிறார்கள். ஒரு வட்டம்கூட இல்லை.

வேரடிமண்: அவர் வீட்டில் மர நிழல் உண்டா, வடிகால் எப்படி, புல்லை எவ்வளவு உயரத்தில் வெட்டுகிறார்? ஒன்றும் தெரியாமல் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்.

அருகு: கொரியன் புல்லை விலைக்கு வாங்கிப் பதித்தவர்களுக்கு இதுவும் வேண்டும். சும்மா முளைக்கிற அருகம்புல்லுக்கு என்ன குறை?

மொட்டைமாடி: அருகம்புல்லுக்கு மட்டும் நோய் வராதா?

அருகு: என் வீட்டில் வந்ததில்லை.

பச்சைக்கம்பளம்: அப்படிச் சொல்லுங்கள். நீங்கள் எப்போது தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? மாலையில்தானே?